ரப்பர் மரத்தில் அடித்த பின்

துபாயிலிருக்கும் தம்பி, தன் மனைவி இறந்தபின் யார் போனையும் எடுப்பதில்லை. ஞாயிறுதோறும் என்னோடு ஆன்லைனில் கால்பந்து கேம் ஆடும்போது மட்டும் பேசுவான். மூன்று வாரமாகப் பாதி ஆட்டத்தில் நெட் போனது. அவன் ஏதாவது செய்துகொள்வானோ என்று நடுங்கினேன். ரூட்டரை மாற்றியும் பயனில்லை. எங்களுக்கு நெட் கொடுக்கும் பனச்சமூடு ஊர்க் கேபிள்காரரைப் போனில் கள்ளன் என்றே திட்டினேன்.

அவர் வந்து, எங்கள் ரப்பர் தோட்டம் வழியாக வரும் ஒயரைத் தடவியபடியே நடந்து, ஒரு மரத்தில் நின்றார்.

"அண்ணா, மழைக்கு பிளாஸ்டிக் கெட்டினது ஆராக்கும்?"

நான்தான். பால் வெட்டிய இடத்தில் மழை இறங்காமல் மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டியபோது, ஒயரையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறேன். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் ஒயர் நசுங்கி நெட் போயிருக்கிறது. பின்னைப் பிடுங்க நானே கை நீட்டினேன்.

"சாரமில்ல, விடுங்க" என்று அவரே பிடுங்கினார்.

அந்த ஞாயிறு ஆட்டம் முடியும்வரை நெட் போகவில்லை. தம்பி சொன்னான்: "எனக்க சங்கடம் கேட்டுக் கேட்டு மடுத்துப் போயி, நீயாட்டு கட் பண்ணுதியோன்னு நெனச்சேன் அண்ணா."

"இல்லலே மக்கா" என்றேன். ஆனால் இணைப்பை அறுத்தது என் கைதான்.