மாமாவின் குழாயில் என் எச்சில்

எங்கள் அக்கா சென்னையில் படித்த படிப்புக்கு எங்கள் மலையூர் கரியாலூரில் யாருக்கும் பெயர் தெரியாது. உயிரியலையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் படிக்கிறாள் என்பார் அப்பா. "டாக்டரா, டைப்பிஸ்டா?" என்று கேட்பார்கள். முடித்ததும் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டப்போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்பது ஊரார் எண்ணம்.

ஒரு லீவில் மூடி போட்ட சின்னக் குழாய்களோடு வந்தாள். வழிவழியாக வரும் ரத்தக் கோளாறு சொந்தத்தில் யாரிடம் ஒளிந்திருக்கிறது என்று எச்சிலை வைத்துக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துவிடலாமாம். பெரியவர்கள் எல்லோரும் துப்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் குழாய் கிடையாது என்றுவிட்டாள். எனக்கு அழுகையே வந்தது.

மாமா மட்டும் துப்பாமல், தன் குழாயோடு என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"மாப்ள ஆவப்போறவன் இதுல துப்பிக்கினு நிப்பனா? நீ துப்பு பாப்பா."

எனக்கா கசக்கும்! வாய் வறளும்வரை துப்பினேன். பிறகு என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயாவது சொன்னே, மாமா செத்துப்பூடுவேன்."

மாமா மிளகு பறிக்கக் கேரளா போனார். கல்யாணப் பத்திரிகை கொடுத்து முடித்த வாரம் அக்கா ஒரு தாளோடு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் மாமாவுக்கும் ஒரே கோளாறும்மா. எங்கள ஒண்ணும் செய்யாது. ரெண்டும் சேந்து புள்ளைக்குப் போச்சுன்னா, மாசாமாசம் ரத்தம் ஏத்திக்கினே இருக்கணும். இந்தக் கல்யாணம் வேணாம்."

"இன்னாடி சொல்ற? ஐயோ, என் தம்பிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியமாவது ஒன்றாவது!

"அது மாமா எச்சி இல்ல! நான் துப்புனது!"

சொன்ன மறுகணம், ஐயையோ மாமா செத்திருப்பாரே என்று கதறினேன். டவர் கிடைக்கும் மேட்டுக்கு எல்லோரும் ஓடினோம். அப்பா போனைப் போட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க மச்சான், தப்புதான்," என்றது மாமாவின் குரல். "இன்னொரு குழா அனுப்பச் சொல்லுங்க, ரொப்பியே தர்றேன்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். மாமா உயிரோடிருந்த சந்தோஷத்தில் நான் குதித்தேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளில் மாமா பெயருக்கு நேரே இருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சட்டென்று என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழாதக்கா," என்றேன். "அதான் யாருக்கும் ஒண்ணும் இல்லியே."