மூன்றாவது கல்

இஸ்மாயில் பாய் இறந்துவிட்டார் என்று அன்று காலை இரண்டு பேர் எனக்குப் போன் செய்தார்கள். முதலில் பட்டறை மேஸ்திரி, பிறகு ஸ்டோர்க்காரர். இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: விடிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான் நம்பவில்லை. இரண்டு பேர் ஒத்துப் போனால் நம்பாதே, மூன்றாவது ஆளைக் கேள் என்பது பாய் எனக்குப் போட்ட சட்டம். அதனால் மூன்றாவதாகப் பாயின் நம்பருக்கே போட்டேன். அவரே எடுத்து "ஏனுங்க சுப்பு" என்பார் என்றுதான் காதில் வைத்திருந்தேன். எடுத்தது அவர் மனைவி. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நெசந்தானுங்கண்ணா" என்றார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு கடையும் பழைய லேத்துகளைப் புதுப்பிக்கும் எங்கள் பட்டறையில் பதினெட்டு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். நான் லேத் ஓட்டுகிறவன். அவர் லேத்தின் படுகையை, மற்றதெல்லாம் உட்காரும் அடி இரும்பை, உளியால் சுரண்டிச் சமமாக்குகிறவர். உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வந்ததும் பட்டறைக் கடிகாரத்தைப் பார்ப்பார், தன் வாட்சைப் பார்ப்பார், பிறகு என்னிடம் மணி கேட்பார். முதலாளி புதிதாக வாங்கிய அளவுக் கருவியோடு அது சரி என்ற சர்ட்டிபிகேட்டும் வந்திருக்கிறது என்று பெருமையாகக் காட்டியபோது, "பேப்பருங்க. பேப்பர் வளையும்" என்று சொல்லிவிட்டுக் கருவியை அளக்கப் போனார். இந்தப் பார்வையில், பாயோடு பழகிய நீங்களும் ஒரு நாளாவது மாட்டியிருப்பீர்கள்.

நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன். அந்தப் படிப்புக்கு மேல் கொஞ்சம் போன் வீடியோவும் பார்த்துவிட்டு, டீ இடைவேளையில் ஒரு கதை விடுவேன். காலத்தில் பின்னோக்கிப் போகும் வண்டி ஒன்று கிடைத்தால் ஐந்நூறு வருடம் பின்னால் போய் கரண்டு, மோட்டார், லேத்து எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுவேன். இந்நேரம் நம் ஆட்கள் நிலாவில் தென்னந்தோப்பு போட்டிருப்பார்கள் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். பாய் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே சந்தேகம் கேட்பார். செம்புக் கம்பியை யார் இழுப்பது? இழுக்கிற அச்சை எதில் கடைவது? "அதையெல்லாம் உடுங்க. அந்தக் காலத்து ஆளுங்க உங்கள ஏனுங்க நம்போணும்? ஒற்றன்னு புடிச்சு உள்ள போட்டுருவாங்க."

கதை பட்டறையோடு நின்றிருந்தால் தொந்தரவில்லை. அப்போது ஒன்பதாவது படித்த என் மகள் யாழினி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதையே தலைப்பாகக் கொடுத்துவிட்டாள். எங்கப்பா பழைய காலத்துக்குப் போனால் வெறுங்கையால் லேத்து செய்வார் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். முதல் படியையாவது செய்து கொண்டுவா என்று டீச்சர் சொல்லிவிட்டார். அப்பா என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று அவள் நம்பிய கடைசி வருடம் அது. அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

முதல் படி எது என்று பாயிடமே கேட்டேன். "படுகை நேரா இருக்கோணும். நேரான ஒண்ணு இல்லாத ஊர்ல நேரா ஒண்ணு எப்படிங்க செய்வீங்க?" என்றார். மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மார்பிள் கடையில் கழித்துப்போட்ட, உள்ளங்கையளவு கரடான துண்டுகள் இரண்டை எடுத்துவந்து, மணலும் தண்ணீரும் போட்டு மூன்று நாள் ஒன்றோடொன்று தேய்த்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. மேல் கல்லைத் தூக்கினால் கீழ்க்கல்லும் கூடவே வந்தது. யாழினி கைதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக்கு வந்தார். துணியில் சுற்றிய, சமம் பார்க்கிற சின்ன இரும்புப் பிளேட், கூடவே நீலச் சாயம். பிளேட்டில் சாயத்தை லேசாகத் தடவி என் முதல் கல்லை வைத்து எடுத்தார். தொட்ட இடத்தில்தான் சாயம் ஒட்டும்; நடுவில் மட்டும் நீலம். இரண்டாவது கல்லில் ஓரத்தில் மட்டும் நீலம்.

"ஒண்ணு மேடு, ஒண்ணு குழி. ரெண்டுஞ் சேந்து உங்கள ஏமாத்திப்போட்டுதுங்க" என்றார்.

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எரிந்தது. மகள் முன்னால் மானத்தை வாங்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று தோன்றியது.

"உங்க பிளேட்டு நேருன்னு யாருங்க சொன்னாங்க?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

பாய் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "கண்ணு, உங்கப்பா இப்பத்தான் பழைய காலத்துக்குக் கெளம்பியிருக்காரு" என்றார்.

பிறகு பிளேட்டைச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு மூன்றாவது கல் கேட்டார். இரண்டு கல் ஒன்றுக்கொன்று பொய் சொல்லி ஒத்துப் போகலாம். ஆனால் மேடும் மேடும் ஒட்டாது, குழியும் குழியும் ஒட்டாது. மூன்றை மாற்றி மாற்றித் தேய்த்து, எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்தினால் பொய்க்கு இடமில்லை, மூன்றும் சமம். இரும்பும் வேண்டாம், சர்ட்டிபிகேட்டும் வேண்டாம். அந்த வாரம் முழுக்க சாயங்காலத்தில் நாங்கள் மூன்று பேரும் தேய்த்தோம். முடிந்ததும் தடவிப் பார்த்து, "இப்போதைக்கு இருக்கட்டுங்க" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது என்பது உங்களுக்குத் தெரியும். பரிசு, புகை விடுகிற தெர்மகோல் எரிமலைக்குப் போனது. ஆளுக்கொரு கல் வைத்துக்கொண்டோம்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதை அவர் வீட்டில் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

இறப்பதற்குப் பத்து நாள் முன்னால், வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். "மருந்துக்கடைக்காரரும் வாயுங்கறாரு, ஊட்டுலயும் வாயுங்கறாங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?" இரண்டு பேர் ஒத்துப் போயிருந்தார்கள். சட்டப்படி என்னைக் கேட்டார். நான், "பிரியாணியக் கொறைங்க பாய்" என்றேன். இருவரும் சிரித்தோம். பஸ் வந்தது.

ஐந்நூறு வருடம் பின்னால் போக இனி எனக்கு வண்டி வேண்டாம். அந்த பஸ் ஸ்டாப் வரைக்கும் போனால் போதும். அவருக்குக் கொண்டுபோக, வாயுதானா என்ற ஒரே ஒரு சந்தேகம் இருந்தால் போதும்.

அவர் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவர் உள்ளே போய், மருந்துக்கடைச் சீட்டுகளின் மேல் பாரமாக வைத்திருந்த பாயின் கல்லை எடுத்துவந்து, "நானுந்தானுங்கண்ணா வாயுன்னேன்" என்று என் கையில் கொடுத்தார்.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. என்னுடைய கல்லின் மேல் தண்ணீர் தொட்டு வைத்துப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது. நம்பவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் யாழினியிடம் அவளுடைய கல்லை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கல்லும் அந்தச் சட்டமும். பட்டறையில் இப்போது யாராவது நெஞ்சைத் தடவி வாயு என்றால், திட்டினாலும் பரவாயில்லை என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். போன வாரம் நானும் ஈசிஜி எடுத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். நன்றாக இருக்கிறது என்றார் நர்ஸ். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மூன்றாவதாகக் கேட்க எனக்கு இருந்த ஆள்தான் இப்போது இல்லை.