மாமியாரைத் தேடி வந்த ஆவி

நீலசந்திராவில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் வீட்டுக்காரம்மாவிடம் மட்டும்தான் டிவி இருந்தது. வாரம் ஒரு நாள் ஹிந்தியில் ஒரு பேய்த் தொடர் வரும். மலைமேல் பங்களா, மெழுகுவத்தியோடு நடக்கும் வெள்ளைப்புடவைக்காரி, காற்றே இல்லாமல் ஆடும் திரைச்சீலை. எங்களைத் தரையில் உட்காரவிட்டதற்கு ஒரே நிபந்தனை: என் அக்கா கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். அக்கா ஹிந்திப் பரீட்சையில் முதல் படி தேறியவள். அந்தத் தகுதி 'இது மேஜை, அது நாற்காலி' வரை செல்லும்.

அக்கா கணக்குப்படி, வெள்ளைப்புடவைக்காரி மாமியார் கொடுமையால் செத்துப்போன மருமகள், பழிவாங்க அலைகிறாள். வீட்டுக்காரம்மாவுக்கும் புதிதாக ஒரு மருமகள் வந்திருந்தாள். டிவி ஓடும்போது அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியதைத்தான் சாப்பிட வேண்டும். தொடர் ஆரம்பித்துச் சில வாரங்களில் அவளுக்கு உள்ளே ஒரு ஸ்டூல் கிடைத்தது. இன்னும் சில வாரங்களில் சூடான சோறும் கிடைத்தது.

பிறகு நான் மத்திய அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். ஹிந்தித் தேர்வு எழுதினால் சம்பளம் கூடும் என்று விதி இருந்தது. என் மொழி ஆர்வம் அப்படி வந்ததுதான்.

போன மாதம் அந்த மருமகள் போன் செய்தார். அவருக்கே இப்போது பேரப்பிள்ளைகள். "யூடியூப்ல அந்தப் பேய் சீரியல் இருக்கு. அத்தை உங்க ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்க."

போனோம். வீட்டுக்காரம்மா சுருங்கியிருந்தார், குரல் சுருங்கவில்லை. தொடர் ஓடியது. அக்கா பழைய இடத்திலேயே உட்கார்ந்து பழைய கதையை ஆரம்பித்தாள். எனக்குக் கால் மணி நேரத்தில் வியர்த்துவிட்டது. வெள்ளைப்புடவைக்காரி மருமகள் இல்லை, பங்களா முதலாளியின் தங்கை. ஆவியும் இல்லை, சாகவே இல்லை. ஒரு உயிலைத் தேடித்தான் மெழுகுவத்தியோடு அலைகிறாள். அந்த உயிலிலும் ஒரே ஒரு சாட்சிக் கையெழுத்து. இரண்டு வேண்டும். செல்லாத உயிலுக்காக ஒரு பெண் எத்தனை வாரம் தூக்கம் கெட்டிருக்கிறாள்!

"இதுல மாமியாரே இல்லையே அக்கா," என்று கிசுகிசுத்தேன்.

"தெரியும்டா. அன்னைக்கு அந்தம்மா மருமகளை அடிச்சிட்டு வந்து உட்கார்ந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது மேஜை, நாற்காலி. மீதிய நானே போட்டேன்."

வீட்டுக்காரம்மா கையைத் தூக்கினார். படம் நின்றது.

"எதிர்வீட்டுக்காரி இது ஏதோ சொத்துக் கதைன்றா. இன்னாப்பா, நீதான் ஹிந்தி படிச்சவன், சொல்லு. இவ மாமியாரைத் தேடித்தானே வர்றா?"

"ஏம்மா, இப்ப எதுக்கு அது?" என்றேன்.

"எதுக்கா? பொய்னா நான் இந்தப் பேய்க்கு இத்தனை வருஷம் பயந்தது வேஸ்ட்டுதானே? விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்க வேணாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மருமகளின் கத்தி நின்றுவிட்டது. அறுபது வயதைத் தாண்டியவர், மாமியாரை மட்டும் பார்த்தார்.

அலுவலகத்தில் மூலத்தோடு ஒப்பிடாமல் எந்த நகலிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இங்கே மூலம் என் கண்ணெதிரே பாதியில் நின்றுகொண்டிருந்தது.

"மாமியாரைத் தேடித்தாம்மா," என்றேன். "ஒரு வார்த்தை மாறல. எதிர்வீட்டுக்காரிக்கு ஹிந்தி போதாது."

வீட்டுக்காரம்மா மருமகளிடம் திரும்பினார். "கீழ ஏன் உட்கார்ந்திருக்க? முட்டி வலின்னு சொன்னியே. இங்க வா," என்று சோபாவில் நகர்ந்து இடம்விட்டார். "மீதியைப் போடு."

படம் ஓடத் தொடங்கியது. அக்கா என் காதில், "அடுத்து என்னடா சொல்றது?" என்றாள்.

"மாமியார் திருந்திட்டான்னு சொல்லி முடிச்சிடேன்."

"இப்பவேவா?" என்றாள் அக்கா. "இன்னும் நிறைய பாகம் இருக்குடா. கொஞ்சம் பயந்துட்டே இருக்கட்டும்."