ஓசியில் வந்த சிடி

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது. தொண்ணூறுகள் முடிகிற சமயம். பாளையங்கோட்டையில் அப்போது எல்லாரும் பிள்ளைகளின் படிப்புக்கென்று சொல்லித்தான் வாங்கினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது அம்மாவுக்காக வந்தது. அம்மா தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்பு இன்ஸ்டிடியூட் ஒன்றில் சொல்லிக்கொடுத்தவள். பிறகு வீட்டிலேயே மெஷின் வைத்து, கல்லூரிக்காரர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுத்துவந்தாள். கம்ப்யூட்டரில் அடித்தால்தான் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள ஆரம்பித்ததும், அப்பா ஆபீசில் லோன் போட்டார்.

பெட்டி வந்துவிட்டது. அதில் எந்த மென்பொருளைப் போட்டு அடிப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த சித்தப்பா, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஊரே இதத்தான் போட்டிருக்கு அண்ணாச்சி."

அப்பா ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். திருட்டு சிடி வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். காசு கொடுத்தே வாங்கலாமென்றால் அதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைசியில், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்று கிடைத்தது. அம்மா அதில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து ஒழுங்கா விழுது. இதே இருக்கட்டும்" என்றாள். சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வயல் நண்டுகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு விரிவுரையாளர் முதல் வேலையைக் கொடுத்தார். அம்மா முதுகு வளையாமல் உட்கார்ந்து, விசைகளைப் பார்க்காமலே அடிப்பாள். வரி முடிகிற இடத்தில், மெஷினின் உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குப் போன பழக்கத்தில், இடது கை தானாக மேலே போகும். பாதியில் ஞாபகம் வந்து, வலது சுண்டுவிரல் எண்டரைத் தட்டும். ஒவ்வொரு வரிக்கும் இதேதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த விரிவுரையாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அக்கா, காலேஜ் கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு வரி முழுசா வருது, அடுத்த வரியில ரெண்டே வார்த்தை நிக்கு. பூராவும் அப்படித்தான் இருக்கு. திங்கக்கிழமை கொடுக்கலன்னா அம்புட்டுதான்."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்த வேலை கெட்டால் இனி ஒருத்தரும் ஆய்வேட்டோடு எங்கள் படியேற மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். அன்றைக்கென்று சித்தப்பாவும் இருந்தார்.

"ஓசின்னா இப்படித்தான். நான் அப்பமே சொன்னேன்லா?"

அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஆபீசில் அவருக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். எல்லா வரிகளின் முனையிலும் சின்னச் சின்னக் குறிகள் முளைத்தன. ஒரு நிமிஷம் பார்த்தார். சட்டென்று அவற்றை மறைத்துவிட்டு எழுந்தார்.

"சாஃப்ட்வேர்தான் சரியில்ல. பி.எஃப்ல கொஞ்சம் எடுத்து, காலேஜ்ல இருக்கிறதையே விலைக்கு வாங்கிருவோம். சார், நீங்க நாளைக்கு வாங்க. இத நான் சரிபண்ணித் தாரேன்."

"அப்ப நான் அடிச்சதுல தப்பு இல்லயே?" என்றாள் அம்மா.

"உன் மேல என்ன தப்பு?"

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் அந்தக் குறி என்னவென்று சொல்லியிருந்தார்கள்.

"இல்லப்பா! அம்மா வரிக்கு வரி எண்டர் தட்டிருக்கா. தட்டவே வேண்டாம், அது தானா கீழ வரும். எதுக்கு வீணா காசு?"

எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்து, இரண்டு மூன்று குறிகளை அழித்துக் காட்டினேன். வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. விரிவுரையாளர் என் முதுகில் தட்டினார். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "மதினி, டைப்ரைட்டர் உங்கள இன்னும் விடலியா?" அம்மாவும் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் முழுக்க அம்மா அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தேன். ஆய்வேடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பி.எஃப் பணமும் தப்பியது. இத்தனைக்கும் அப்பா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வாய் நீளம் ஒனக்கு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் குறிகளை எனக்கு முன்னால் அவரும்தானே பார்த்தார் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

கல்லூரிக்காரர்கள் தொடர்ந்து வந்தார்கள். "பாப்பா ஸ்கூல் விட்டு வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கேன்" என்று அவர்களிடம் அம்மா சொல்வாள். நான் பக்கத்தில் வந்து உட்காரும்வரை விசையில் கை வைக்க மாட்டாள். அவளிடம் தட்டச்சு படித்தவர்கள் எத்தனையோ ஆபீசுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோ அடித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தி, பதின்மூன்று வயதுப் பெண்ணான என்னிடம், "ஏட்டி, இங்கன எண்டர் தட்டலாமா?" என்று கேட்பாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ம், தட்டு" என்பேன். அவள் அப்படிக் கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்காது.