கல்யாணத்துக்குக் கப்பலில் போனோம்

தம்பியின் கல்யாணத்துக்கு விமானத்தில்தான் போவது என்று நானும் கணவரும் ஒரு வருடம் முன்பே முடிவு செய்துவிட்டோம். அதற்கு முந்தைய முறை, அந்தமானில் நாங்கள் வசிக்கும் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் போனபோது, கைக்குழந்தையாக இருந்த சின்னவள் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். இனி குழந்தைகளோடு கப்பலே வேண்டாம் என்று அழுதபடி இறங்கினேன்.

அவருக்கு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் வேலை. ஒரு சம்பளம், இரண்டு பெண்கள். அந்த வருடம் கையை இறுக்கியே செலவு செய்தோம். மெயின்லேண்டிலிருந்து வரும் காய்கறி விலை ஏறினால் நான் கடைப்பக்கமே போக மாட்டேன். கொல்லையில் காய்த்த பப்பாளிக்காய்க் கூட்டுதான். குழந்தைகள் ஆப்பிள் கேட்டால் வாழைப்பழம். பழைய ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டே ஓடியது. "அரே, கித்னி கஞ்சூஸ் ஹோ தும்!" என்று என் கருமித்தனத்தைக் கேலி செய்தபடியே மீன்குழம்பு கொண்டுவந்து தருவார் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா.

டிக்கெட் எடுக்க உட்கார்ந்த அன்று விலை எங்கேயோ போயிருந்தது. சேர்த்த பணம் இரண்டு பேருக்குத்தான் போதும்.

"நீயும் சின்னவளும் ஃப்ளைட்ல போங்க. நான் பெரியவளக் கூட்டிக்கிட்டு ஷிப்ல வந்துடறேன்" என்றார்.

பெரியவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு மட்டும் ஏம்மா ஷிப்பு?"

அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "நாலு பேரும் ஷிப்லயே போயிடலாங்க" என்றேன்.

"பக்கா? அப்புறம் என்னத் திட்டக் கூடாது."

கையில் பணம் இருந்ததால் முதல் தடவையாகக் கேபின் எடுத்தோம். மூன்று நாளும் கடல் அமைதியாக இருந்தது. சின்னவளுக்கு ஒருமுறைகூட குமட்டவில்லை. கேன்டீனில் ஆம்லெட், பிஸ்கட் என்று பிள்ளைகள் எதைக் கேட்டாலும் வாங்கிக்கொடுத்தோம். மேல்தளத்தில் பறக்கும் மீன்கள் தாவுவதைக் காட்டியபடி அவர் பழைய பாட்டுகளைப் பாடினார். வருடம் முழுக்க வரவு செலவு மட்டுமே பேசியதில், அவர் பாடுவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது நானும் சம்பாதிக்கிறேன், விமானத்தில்தான் போகிறோம். ஆனால் அப்படி நாள் முழுக்க நால்வரும் சேர்ந்திருக்க வாய்ப்பதில்லை.

அன்று எங்களை அழைத்துப்போக சென்னைத் துறைமுகத்துக்குத் தம்பி வந்திருந்தான். "ப்ளேன்ல வர்றேன்னு பெருமையாச் சொன்னியேக்கா!" என்று சிரித்தான்.

நான் வாயைத் திறக்குமுன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியபடி நின்ற சின்னவள் சொன்னாள்:

"மாமா, உங்க ஊர்ல தரை ஆடுது."