நான் வாசித்ததாகச் சொன்ன புத்தகம்

ஸ்காபரோவில் புத்தக வெளியீட்டு விழா என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். அழைப்பிதழில் நாலு மணி என்று இருக்கும். ஐந்தரைக்கு விளக்கு ஏற்றுவார்கள். பிறகு தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை. புத்தகத்தைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தால், பேச வந்தவர் தான் கனடாவுக்கு வந்த கதையை அவிழ்த்துவிடுவார். முன்வரிசைக்காரர் தங்கள் பெயரைக் கூப்பிடக் காத்திருப்பார்கள். பின்வரிசைக்காரர் முடிவில் தரும் இறைச்சி ரோல்ஸுக்குக் காத்திருப்பார்கள். புத்தகத்தை முழுதாக வாசித்தவர்கள் என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேர் இருக்கலாம்: எழுதியவர், பக்கம் வடிவமைத்தவர். இரண்டாமவரைப் பற்றியும் எனக்குச் சந்தேகம்தான்.

இவ்வளவு இளக்காரமாகச் சொல்கிற நான், அந்த மேடைகளில் இருபத்தைந்து வருடமாக நயப்புரை செய்பவன். முன்னுரையை வாசிப்பேன். பின்னட்டையைப் பார்ப்பேன். நடுவில் எங்காவது விரலை விட்டுத் திறந்து ஒரு வசனத்தைக் குறித்துக்கொள்வேன். அதை வைத்து இருபது நிமிடம் ஓட்ட எனக்குத் தெரியும். கைதட்டல் வரும், பொன்னாடை வரும். மில்லிக்கனில் என் வீட்டு அலுமாரியில் பொன்னாடைகளுக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது.

அவளுடைய புத்தகத்துக்கும் அப்படித்தான் பேசினேன். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். நாங்கள் எல்லாரும் கனடாவுக்கு வந்த புதிதில் ஒரே அபார்ட்மென்ட் கட்டடத்தில், ஒரே மாடியில் இருந்தவர்கள். இப்போது அஜக்ஸில் வீடு, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை. ஐம்பது வயதுக்கு மேல் தன் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாக்கியிருந்தாள். பஸ் ஓட்டுகிறவளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று மனதுக்குள் சிரித்தேன். மேடையில் இருபத்தைந்து நிமிடம் பாராட்டினேன். எனக்குத் தந்த பிரதியில் எல்லாரும் எழுதுவதுபோல ‘அன்புடன்’ என்று எழுதாமல், ‘அண்ணைக்கு, வாசிப்பதற்காக’ என்று எழுதியிருந்தாள். வேறு என்னத்துக்காம், தலைக்கு வைத்துப் படுக்கவா என்று நினைத்தேன். அது என் காரின் பின்சீற்றுப் பையில் மூன்று வருடம் கிடந்தது.

பிறகு அவளுடைய மகள் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். அந்தப் பிரதி எப்படியோ நகரின் வடக்கே இருக்கும் ஒரு யூதச் சமூக நிலையத்தின் வாசிப்பு வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒவ்வொரு வருடமும் இலையுதிர்காலத்தில் புத்தகத்துக்கும் கலைகளுக்குமாக ஒரு வாரம் கொண்டாடுவார்களாம். அந்த வாரத்தில் ஒரு மத்தியானத்தை இவளுடைய புத்தகத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவள் எனக்கு ஃபோன் எடுத்தாள்.

“அண்ணை, எங்கடை ஆக்களிலை ஒரு விமர்சகரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். உங்களைச் சொல்லிப்போட்டன்.”

“அதுக்கென்ன பிள்ளை, வாறன். நீர் கார் எடுக்க வேண்டாம். நான் வந்து ஏத்துறன். நீர் என்ன கதைக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு வாரும்.”

“புத்தகத்தை ஒருக்கா வாசிச்சிட்டு வாங்கோ அண்ணை. அவையள் எல்லாரும் வாசிச்சிருப்பினம்.”

“நான் வாசிக்காததோ,” என்றேன்.

 அவர்கள் அனுப்பிய கடிதத்தை எனக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். அனுப்பினாள். அதையும் நான் வாசிக்கவில்லை.

எல்லாரும் வாசித்திருப்பார்களாம். எந்தச் சனம் இந்த உலகத்தில் புத்தகம் வாசித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறது? அவர்களும் எங்களைப்போலத்தான் இருப்பார்கள், விளக்குக்குப் பதிலாக வேறு எதையாவது ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் என் வழக்கமான ஆயத்தங்களோடு போனேன்: பின்னட்டையிலிருந்து ஒரு வசனம், தலைவருக்குப் போர்த்த ஒரு பொன்னாடை, கடையில் சொல்லி எடுத்த நாற்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகம் பேச வந்தவனைச் சோதிக்கிறார்களே என்று முணுமுணுத்தேன். “அவையின்ரை நிலைமை அப்பிடி, அண்ணை. ஊரிலை நாங்கள் பாக்காத செக்கிங்கோ,” என்றாள் அவள். உள்ளே ஒரு பெண்மணி என் கையிலிருந்த தட்டைப் பார்த்து மிகவும் தன்மையாக, வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவர முடியாது, எங்கள் சமையலறை கோஷர் என்ற யூத உணவு முறைப்படி நடக்கிறது என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. “இது பன்றி இல்லை, ஆடு,” என்று விளக்கினேன். அவர் சிரிக்காமல் தலையை ஆட்டினார். ஆடாக இருந்தாலும் ஆகாதாம். எந்தக் கடையில் வெட்டியது, யார் வெட்டியது, எல்லாம் பார்க்க வேண்டுமாம்.

“கடிதத்திலை போட்டிருந்தது, அண்ணை,” என்றாள் அவள்.

தட்டைத் திரும்பக் காரில் கொண்டுபோய் வைத்தேன். அந்த அவமானத்துக்கு அங்கே கண்ணில் பட்ட எல்லாவற்றையும் பழிவாங்கினேன். நடைபாதைச் சுவர் முழுக்க ஓய்வுபெற்றவர்கள் வரைந்த ஓவியங்கள்: வள்ளம், ஆரஞ்சுப் பழம், பேரப்பிள்ளை, மறுபடியும் வள்ளம். ஒரு மூலையில் ஒருவர் கிளாரினெற் ஊதினார். இன்னொருவர் அக்கோடியனை இழுத்தார். கேட்டுக்கொண்டு நின்ற கிழவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். எங்கள் கோயில் கச்சேரிகளில் தாளம் தெரியாமல் தொடையில் தட்டுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். எல்லா இடமும் ஒன்றுதான் என்று எனக்கு ஒரு நிம்மதி.

அறைக்குள் போனதும் அந்த நிம்மதி கெட்டது. மேடையே இல்லை. முப்பது கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கே கதவைச் சாத்தினார்கள். எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், முன்பு கணக்கு ரீச்சராக இருந்தவராம், அவர்தான் நடத்தினார். வாழ்த்துரை இல்லை, வரவேற்புரை இல்லை. “வழக்கமான விதிதான். முதலில் பக்கத்தின் எண்ணைச் சொல்லுங்கள், பிறகு பேசுங்கள்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பொன்னாடையைக் கதிரைக்குக் கீழே தள்ளினேன்.

எங்களைத் தவிர எல்லாருடைய மடியிலும் அந்தப் புத்தகம் இருந்தது. பக்கங்களுக்கிடையில் மஞ்சள், பச்சை, சிவப்புத் துண்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. பரீட்சைக்கு வந்த பிள்ளைகள்போல என்று ஏளனமாக நினைத்தேன். ஆனால் அந்த அறையில் படிக்காமல் பரீட்சைக்கு வந்திருந்தது நான் ஒருவன்தான். பிடிபட்டால் இருபத்தைந்து வருடப் பெயர் ஒரு மத்தியானத்தில் போய்விடும், அதுவும் அவளுக்கு முன்னால்.

ஒருவர் நாற்பதாம் பக்கம் என்றார். முதல் பனியில் பஸ் ஓட்டியபோது பயமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நான் நம்பவில்லை என்றார். இன்னொரு பெண், நூற்றிருபதாம் பக்கம், உங்கள் கணவரைப் பற்றி நான்கு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஏன் ஒளிக்கிறீர்கள் என்றார். வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துச் சண்டை பிடிக்கிறார்களே, என்ன பழக்கம் இது என்று எனக்கு ஆத்திரம். திரும்பி அவளைப் பார்த்தேன். அவளுடைய முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. ஒவ்வொருவர் பக்கமாகவும் சாய்ந்து, தன் ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். பயம் இருந்தது என்று ஒத்துக்கொண்டாள். என்னுடைய இருபத்தைந்து நிமிடப் பாராட்டின்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது அப்போது ஞாபகம் வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்கத் தொண்டையைச் செருமினேன். செருமியது பிழையாகப் போயிற்று.

“விமர்சகர் ஏதோ சொல்ல விரும்புகிறார்,” என்றார் அம்மையார்.

நான் எழுந்து நின்றேன். அங்கே யாரும் எழுந்து பேசவில்லை, இருந்தாலும் எழுந்தேன். “இந்தப் புத்தகம் ஓர் இனத்தின் மனச்சாட்சி,” என்று தொடங்கினேன்.

“எந்தப் பக்கம்?” என்று எதிரில் இருந்த ஒரு கிழவர் கேட்டார். கிண்டலாக இல்லை. விரலை நனைத்துப் புரட்டத் தயாராக இருந்தார்.

“முழுப் புத்தகமும்,” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். அம்மையார் இரக்கப்பட்டு உதவிக்கு வந்தார். “ஏழாம் அத்தியாயத்தில் வரும் அந்த மனிதரைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். எங்கள் வட்டத்தில் இரண்டு கிழமை அவரைப் பற்றித்தான் வாக்குவாதம். நீங்கள் அந்தச் சமூகத்தில் இவ்வளவு காலம் இருக்கிறீர்கள். எழுதியவர் அவரிடம் அளவுக்கு மீறி இரக்கம் காட்டுகிறாரா?”

யார் அந்த மனிதர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாய் இருக்கிறதே. அவள் எழுதிய ஏழாம் அத்தியாயத்தில் எப்படிப்பட்ட மனிதன் வருவான்? குடிகாரனாக இருக்கலாம், கை நீட்டுகிறவனாக இருக்கலாம். எதற்கும் பொருந்துகிற சட்டை ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். அதை எடுத்து மாட்டினேன். அந்த மனிதரைத் தனி ஆளாகப் பார்க்கக்கூடாது, போரும் இடப்பெயர்வும் அவரை அப்படி ஆக்கிவிட்டன, அவர் சுமந்த பாரம் நமக்குத் தெரியாது, அவர்மீது பரிதாபம்தான் வரவேண்டும் என்று நாலு நிமிடம் பொழிந்தேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கிழவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்கள் சொல்வது விளங்குகிறது,” என்றார். “ஆனால் அவர் செய்ய வேண்டியிருந்தது ஒரு கொப்பியை வாசிப்பது மட்டும்தானே.”

கொப்பி. நீல மட்டை போட்ட, கையால் எழுதிய கொப்பி. என் அபார்ட்மென்ட் கதவைத் தட்டி, உள்ளே வராமல், இரண்டு கையாலும் அவள் நீட்டிய கொப்பி. முப்பது வருடமாக ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வராத பொருள், அந்தக் கிழவரின் வாயிலிருந்து வந்து என் முன்னால் விழுந்தது.

“அந்த மனிதர் பிறகாவது அதை வாசித்தாரா?” என்று அம்மையார் அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. “இன்னும் இல்லை,” என்றாள்.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். நான் ரோல்ஸைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தேன். பின்சீற்றுப் பையிலிருந்து புத்தகத்தை இழுத்தேன். ஏழாம் அத்தியாயம். நாங்கள் இருந்த அந்தக் கட்டடம், அந்த மாடி, டோனற் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. வேலையால் வந்து எழுதிய எண்பது பக்கங்களை, அந்த மாடியில் இலக்கியம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த ஒருவரிடம் கொடுக்கிறாள். தொண்ணூற்றைந்தாம் பக்கத்தைத் திருப்பினால் தொண்ணூற்றெட்டு வந்தது. அச்சகக்காரன் சொதப்பிவிட்டான் என்றுதான் முதலில் திட்டினேன். பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். நடுவில் இரண்டு பக்கங்கள் ஒட்டியிருந்தன. நகத்தால் மெதுவாகப் பிரித்தேன். காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று மடியில் உதிர்ந்தது.

ஒட்டியிருந்த பக்கங்களில் எழுதியிருந்தது இதுதான். கொப்பியைக் கொடுப்பதற்கு முன் அவள் நடுவில் இரண்டு தாள்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் கொப்பியைத் திருப்பித் தருகிறார். “வாசிச்சனான் பிள்ளை. நல்லா வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் ஆழமாப் போகலாம்.” வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறாள். தாள்கள் ஒட்டியபடியே இருக்கின்றன. அவருக்கு நேரம் இருந்திருக்காது என்று எழுதுகிறாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் தான் ஒன்றும் எழுதவில்லை என்பதை ஒரே வரியில் எழுதி அத்தியாயத்தை முடிக்கிறாள்.

அப்படியானால் வெளியீட்டு விழாவில் நான் மேடையில் நின்று இந்தப் புத்தகத்தை ஆழமானது என்று புகழ்ந்தபோது அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறாள். என் பிரதியில் மறுபடியும் ஒட்டி, இந்த முறையாவது பிரிப்பேனா என்று பார்த்திருக்கிறாள். நான் வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரைத் துச்சமாக நினைத்திருக்கிறேன். அந்தக் காருக்குள் இருந்தவனைப்போல ஒருவனையும் நினைத்ததில்லை.

கண்ணாடியில் தட்டும் சத்தம். அவள் நின்றாள். என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள், பருக்கையையும் பார்த்தாள்.

“பிரிச்சிட்டியளோ,” என்றாள்.

“ஓம்.”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அது இன்னொரு உரையாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

“கார்த் திறப்பைத் தாங்கோ அண்ணை. நான் ஓடுறன்.”

நான் இறங்கி மற்றப் பக்கத்தில் ஏறினேன். நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பழகிய கை, பார்க்காமலே சீற்றைச் சரிப்படுத்தியது. பின்னால் ரோல்ஸ் மணத்தது. நாலுநூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறினாள்.

“சத்தமா வாசியுங்கோ,” என்றாள் பிறகு.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொண்ணூற்றாறாம் பக்கத்தைத் திறந்தேன். அவள் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உது நான் எழுதினது, எனக்குத் தெரியும். முதலாம் பக்கத்திலை இருந்து வாசியுங்கோ.”