மாமா பெயர் வர ஒன்பது நொடி

இந்த ஊரில் ஒரு பெட்டி கணினித் திரைக்குள் நுழையக் கால் நொடியா அரை நொடியா என்று நான்கு பேர் உட்கார்ந்து காலைப் பொழுது முழுக்கப் பேசுவார்கள். லியோனில், இணையப் பக்கங்கள் செய்யும் இந்தச் சின்ன அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது அந்த நால்வரில் நானும் ஒருத்தி. பக்கத்தின் தோற்றத்தை எழுதிவைக்கும் ஸ்டைல் ஷீட்டில் தொடக்கம் இப்படி, முடிவு இப்படி என்று எழுதிவிட்டால் போதும். நடுவில் உள்ள அசைவைப் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். எவ்வளவு தாமதித்துத் தொடங்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரி உண்டு. அந்த வரிதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது.

தங்கைக்குப் புதுச்சேரியில், சாரம் பகுதி மண்டபம் ஒன்றில் கல்யாணம். இந்த நாட்டில் தங்குவதற்கான என் அனுமதி அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு நகர முடியாது. போக முடியாத குற்றவுணர்ச்சியில், அழைப்பிதழை இணையப் பக்கமாக நானே செய்து தருகிறேன் என்றேன். பெயர்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்து வரும். பிள்ளைச்சாவடியில் மீன் வியாபாரம் செய்யும் தாய்மாமன் பெயரைக் கடைசியில், ஒன்பதாவது நொடியில், மற்றவர்களைவிட நிதானமாக வரவைத்தேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். பக்கத்து மேசை கமீலிடம் காட்டியபோது, கடைசியில் வருபவர்தான் மனதில் நிற்பார் என்று பாராட்டினாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. நம் ஊர்ச் சபையில் யார் பெயரை முதலில் சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்களே, அது எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் அம்மா போனில் அழுதாள். மாமா நாலு பேருக்கு முன்னால் பெருமையாகப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அப்பா வகையறா பெயரெல்லாம் வரிசையாக வந்தும் அவர் பெயர் வரவில்லை. உன் பேர் எங்கே என்று ஒருவர் கேட்க, போனை மூடிவிட்டார். கல்யாணத்துக்கே வரமாட்டாராம். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணவறைக்கு யார் அழைத்து வருவது?

நான் அவரைக் கூப்பிட்டு, உங்கள் பெயர் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்தால் வரும் என்றேன்.

"பேரு இருக்குன்னு பெறவு பாத்தேம்மா. உங்கப்பா வகையில அத்தினி பேரும் வந்து ஒக்காந்தப்புறம் என்னைக் கூப்புட்ற. மீன் வாங்க வந்தவன்லாம் பாத்துக்கினு நிக்கிறான்."

இங்கே கடைசியில் வருவதுதான் மரியாதை என்று விளக்கினேன்.

"அது அந்த ஊர்ல," என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. எல்லாத் தாமதங்களையும் பூஜ்யமாக்கினேன். பெயர்கள் மொத்தமாக எழுந்து நின்றன. ஒரே நெரிசலாக இருக்கிறதே, எங்கே தவறு செய்தாய் என்று கமீல் உதவிக்கு வந்தாள். எங்கள் வீடு அப்படித்தான் என்றேன். அவள் வருத்தப்பட்டாள், வீடு சிறியது போலும் என்று. மாமா புதுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவதாக அம்மாவிடம் சொன்னாராம். என்னிடம் பேசவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்பு. இங்கே எனக்கு அலுவலக நேரம். சித்தி மகள் போனைப் பிடித்தபடி மண்டபத்தைக் காட்டினாள். வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டோடு மாமா நின்றார். மேடையில் இருக்கவேண்டிய ஆள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

"வரவேற்பவர்னு பெரியவ பேரைப் போட்டுருக்கு. அவ அங்க கெடக்குறா. நிக்க ஆளு வேணாமா?"

வரவேற்பவர் என்று என் பெயர் போட்ட அந்த வரியை அம்மா சொல்லித்தான் பக்கத்தில் சேர்த்திருந்தேன். லியோனில் என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். சாரத்தில், என் பெயருக்கு மாமா நின்று, வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.